குறைந்தபட்சச் சம்பளம்: சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒன்றில் பிறந்தேன். பின்னர் ஒரு தோட்ட அலுவலகத்தில் பல ஆண்டுகள் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்தேன். சம்பளச் சீட்டுகளை என் கையாலேயே தயாரித்தவன் என்பதால், எந்த வரியில் எது ஒளிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். மாதம் பிறந்து ஏழு நாள் ஆனதும் வீட்டு வாசலுக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுகிறவர், தொழிற்சாலை பஸ்ஸில் போகிற பெண், பட்டணத்துக் கடையில் மூட்டை தூக்குகிற பையன் என்று எல்லாரும் வருவார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இப்போது குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு?

மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், அதைவிடச் சிறிய இடங்களுக்கு 2025 ஆகஸ்டு 1 முதலும் இது நடப்புக்கு வந்தது. தீபகற்பம், சபா, சரவாக், லாபுவான் எங்கும் இதே தொகைதான்.

நாள் சம்பளக்காரர்களுக்கு வாரம் ஆறு நாள் வேலையென்றால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. ஐந்து நாள் வேலையென்றால் 78 வெள்ளி 46 காசு, நான்கு நாள் என்றால் 98 வெள்ளி 8 காசு. மணிக்கணக்கில் வேலை செய்கிறவருக்கு மணிக்கு 8 வெள்ளி 17 காசு. இந்த நாள் கணக்கு எப்படி வந்தது என்று பலர் கேட்கிறார்கள். 1,700ஐப் பன்னிரண்டு மாதத்தால் பெருக்கி, ஆண்டின் 52 வாரங்களில் வரும் வேலை நாள்களால் வகுத்தால் இதுதான் கிடைக்கும். ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். கணக்கு தெரிந்தவரிடம் மண்டோரின் (மேற்பார்வையாளரின்) பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இதை யார் முடிவு செய்கிறார்கள்?

2011ஆம் ஆண்டின் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம்தான் இதற்கு அடித்தளம். அந்த மன்றத்தில் அரசு அதிகாரிகள், முதலாளிகளின் பிரதிநிதிகள், தொழிலாளர்களின் பிரதிநிதிகள், இவர்களைச் சாராத சிலர் ஆகியோர் இருப்பார்கள். மன்றம் அரசுக்குப் பரிந்துரைக்கும், அரசு ஆணை பிறப்பிக்கும். குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை தொகையை மறுபரிசீலனை செய்தாக வேண்டும்.

முதல் ஆணை 2013 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்தது. அப்போது தீபகற்பத்தில் 900 வெள்ளி, கிழக்கு மலேசியாவில் 800 வெள்ளி. 2016 ஜூலையில் அது 1,000, 920 ஆனது. 2019இல் நாடு முழுவதும் 1,100. 2020 பிப்ரவரியில் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகள் 56இல் மட்டும் 1,200 என்றார்கள். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சம்பளம், அந்தப் பக்கம் ஒரு சம்பளம். அரிசி விலை மட்டும் கோடு பார்க்கவில்லை. 2022 மே மாதம் அந்தப் பாகுபாடு நீங்கி 1,500 ஆனது.

சீட்டில் மொத்தம் 1,700 என்று இருக்கிறது. பிறகு என்ன குறை?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

சட்டம் சொல்வது அடிப்படைச் சம்பளத்தை. சீட்டில் "காஜி போக்கோக்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியில் 1,700 இருக்க வேண்டும். அதற்குக் கீழே "எலாவுன்" என்று வரும் வருகைப் படி, போக்குவரத்துப் படி, சாப்பாட்டுப் படி எதுவும் இதில் சேராது. மிகைநேரச் சம்பளமும் சேராது. போனஸும் சேராது. முதலாளி உங்கள் பெயரில் கட்டும் ஊழியர் சேமநிதிப் பங்கும் சேராது.

என் தங்கை பட்டணத்தில் ஒரு கடையில் வேலை செய்தாள். சம்பளம் 1,500 ஆக உயர்ந்த ஆண்டு, அவள் சீட்டிலும் மொத்தம் 1,500 வந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். சீட்டை வாங்கிப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் 1,200, வருகைப் படி 200, சாப்பாட்டுப் படி 100. அதற்கு முந்தைய மாதம் வரை அந்த 300 வெள்ளியை அடிப்படைக்கு மேல் தனியாகத்தான் வாங்கிக்கொண்டிருந்தாள். உயர்வு என்று ஒரு காசுகூட அவள் கைக்கு வரவில்லை. காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தபோது வருகைப் படி முழுவதும் போய், அடிப்படை 1,200 என்ற உண்மை வெளியே தெரிந்தது. அவள் கேட்டாள், நானும் உடன் போனேன். இரண்டு மாதத்தில் சீட்டு மாறியது. கேட்காமல் இருந்திருந்தால் மாறியிருக்காது.

ஈப்போ பக்கம் ஹோட்டலில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் கட்டும் சேவைக் கட்டணத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது.

அடிப்படை 1,700 என்றுதான் இருக்கிறது. கைக்கு 1,500 வெள்ளிதானே வருகிறது?

அது பெரும்பாலும் சரியான கணக்காகவே இருக்கும். "போத்தோங்கான்" என்ற பிடித்தப் பகுதியைப் பாருங்கள். மலேசியத் தொழிலாளியிடமிருந்து சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போகும். சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கும் வேலை காப்புறுதிக்கும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு வெள்ளி. அந்த 187 வெள்ளி உங்கள் பணம்தான். முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, 221 வெள்ளி, உங்கள் கணக்கில் போட வேண்டும். போட்டாரா என்பதைச் சேமநிதி அறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீருடை, கத்தி, உடைந்த சாமான் என்று வேறு பிடித்தங்கள் இருந்தால் சும்மா விடாதீர்கள். எவற்றைப் பிடிக்கலாம் என்பதை வேலைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. முதலாளி நினைத்ததையெல்லாம் பிடிக்க முடியாது.

எனக்கு மாதச் சம்பளம் இல்லை. குலையை டன் கணக்கில் வெட்டுகிறேன். எனக்கும் உண்டா?

உண்டு. இதைச் சொன்னால் இன்றும் நம்ப மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

டன், துண்டு, நிரை, நடை, கமிஷன் என்று எந்தக் கணக்கில் கூலி வாங்கினாலும் மாத முடிவில் கிடைப்பது 1,700க்குக் குறையக் கூடாது என்று ஆணை தெளிவாகச் சொல்கிறது. எடுத்துக்காட்டாக, டன்னுக்கு 40 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நல்ல மாதத்தில் 50 டன் வெட்டினால் 2,000. அது முழுவதும் உங்களுடையது, மேல் வரம்பு கிடையாது. காய்ப்புக் குறைந்த மாதத்தில் 35 டன்தான் கிடைத்தது என்றால் 1,400. மீதி 300 வெள்ளியைத் தோட்டம் சேர்த்துத் தர வேண்டும். போன மாதம் 2,000 வாங்கினாயே, அதில் கழித்துக்கொள் என்று சொல்வது செல்லாது. ஒவ்வொரு மாதமும் தனிக் கணக்கு.

சில தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. மனைவியும் பிள்ளையும் உதிரிப்பழம் பொறுக்குவார்கள், அந்த எடையும் கணவன் பெயரிலேயே ஏறும். மாதம் 1,800 என்று சீட்டு சொல்லும். அது இரண்டு மூன்று பேரின் உழைப்பு. வேலை செய்கிற பெரியவர் ஒவ்வொருவர் பெயரும் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் சம்பளப் பதிவேட்டில், ஏற வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனிச் சீட்டு வேண்டும். பெயர் ஏறாதவருக்குச் சம்பளம் மட்டுமா இல்லை? சேமநிதியும் இல்லை, மட்டையோ குலையோ விழுந்து அடிபட்டால் சொக்சோவும் இல்லை. அலுவலகத்தில் இருந்த காலத்தில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான்.

மழை பெய்து வேலை நின்றால்?

என் அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) சீவிப் பாலெடுத்தவர். விடியுமுன் எழுந்ததும் முதலில் பார்ப்பது வானத்தை. மரத்துப் பட்டை நனைந்திருந்தால் பால் மங்குக்கு (சிறு கிண்ணத்துக்கு) வராமல் மரம் முழுக்க வழிந்துவிடும். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்று, வேலை இல்லை என்று கேட்டுத் திரும்பி வருவார். அன்றைக்குப் பெயர் போடமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பின் நிலவரம் வானத்தைப் பொறுத்தே இருந்தது.

தோட்டத் தொழிலாளிக்கென்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, 16ஆம் பிரிவு. நாள் கணக்கில் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் குறைந்தது 24 நாள் வேலை தர வேண்டும். தர முடியாவிட்டால், வேலை செய்யத் தயாராகவும் உடல்நலத்தோடும் இருந்த தொழிலாளிக்கு அந்த நாள்களுக்கும் வேலை செய்ததாகவே கருதிச் சம்பளம் தர வேண்டும். இன்றைய நாள் சம்பளத்தில் 24 நாளுக்கு 1,569 வெள்ளி 12 காசு வரும். அதாவது தோட்டம் 18 நாள்தான் வேலை கொடுத்தது என்றால், மீதி ஆறு நாளை நீங்கள் கேட்டு வாங்கலாம்.

இதில் "தயாராக இருந்த" என்பதைக் கவனியுங்கள். மழை என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் பேச்சு உங்களுக்கு எதிராகத் திரும்பும். பெரட்டுக்குப் போங்கள். போன நாளையும், வேலை இல்லை என்று சொன்னவர் பெயரையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் நீங்களாக நிற்கும் நாளுக்குச் சம்பளம் கேட்க முடியாது.

நான் தோட்டத்து ஆள் இல்லை, குத்தகைக்காரரின் ஆள். தோட்டம் கைவிரிக்கிறது. குத்தகைக்காரர் போனை எடுப்பதில்லை.

குத்தகைக்காரருடைய ஆளுக்கும் அதே 1,700தான். அவர் சம்பளம் தராமல் மறைந்துவிட்டால், வேலையைக் கொடுத்த தோட்டத்தையும் சட்டம் பொறுப்பாளியாக்குகிறது. ஆனால் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் அந்தப் பொறுப்பு நீளாது, சம்பளம் வர வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்ற வாக்கை நம்பி நான்கு மாதம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நான்கு மாதத்தில் 90 நாள் ஓடிப்போயிருந்தது.

நீ என் தொழிலாளியே அல்ல, தனியாகத் தொழில் செய்கிறவன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறவர்களும் உண்டு. வேலை நேரத்தை அவர் முடிவு செய்கிறார், கருவியை அவர் தருகிறார், வேலையை அவர் மேற்பார்வை செய்கிறார் என்றால், மறுப்பு நிரூபிக்கப்படும்வரை நீங்கள் தொழிலாளி என்றே கருதப்படுவீர்கள். 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம் இது.

வங்காளதேசிக்கும் இந்தோனேசியருக்கும் இதே சம்பளமா? அது நியாயமா?

இதே சம்பளம்தான், அதுதான் நியாயம். நம்மில் சிலர் கோபத்தோடு இதைக் கேட்கிறார்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். அவருக்கு 1,000 வெள்ளி கொடுத்தால் போதும் என்று சட்டம் இருந்தால், 1,700 கொடுத்து உங்கள் மகனை யார் வேலைக்கு வைப்பார்? அவருடைய சம்பளத்துக்குக் கீழே இருக்கும் தரைதான் உங்களுடைய தரையும். நம் பாட்டன்மாரும் கப்பலேறி வந்தவர்கள். குறைந்த கூலிக்குக் கிடைப்பார்கள் என்றுதான் அவர்களையும் கூட்டி வந்தார்கள்.

வீட்டு வேலை செய்கிறவர்கள்? பகுதி நேரம்? வயதானவர்கள்?

தனியார் வீடுகளில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஆணை பொருந்தாது. இந்த நாட்டின் பெரிய குறை இது. பகுதி நேரத்துக்கு மணிக்கணக்கு உண்டு. வயதைக் காரணம் காட்டிக் குறைக்க இடமில்லை.

லயத்து வீடு (தோட்டத்தின் வரிசை வீடு), தண்ணீர், விளக்கு எல்லாம் இலவசம், அதனால் சம்பளம் குறைவு என்கிறார்கள்.

வீடு, சாப்பாடு, விளக்கு, தண்ணீர் ஆகியவற்றின் மதிப்பைச் சம்பளமாகக் கணக்கிடக் கூடாது. சட்டத்தில் சம்பளம் என்ற சொல்லின் விளக்கத்திலேயே இவை விலக்கப்பட்டிருக்கின்றன.

குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேனே?

கவலை வேண்டாம். ஒப்பந்தத்தில் குறைந்த தொகை எழுதியிருந்தால், அந்த இடத்தில் குறைந்தபட்சச் சம்பளம் எழுதியிருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

மிகைநேரக் கணக்கு?

மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி, அதை எட்டால் வகுத்தால் ஒரு மணிக் கூலி. சாதாரண நாளில் மிகைநேரத்துக்கு அதைப் போல் ஒன்றரை மடங்கு. 1,700 வாங்குகிறவருக்கு மணிக்கு ஏறத்தாழ 12 வெள்ளி 26 காசு வரும். வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழக்கமான வேலை. முன்பு 48 ஆக இருந்தது 2023இல் குறைந்தது. பல இடங்களில் இன்னும் பழைய கணக்கையே ஓட்டுகிறார்கள், பாருங்கள்.

பன்னிரண்டு ஆண்டு உழைத்த எனக்கும் நேற்று வந்த பையனுக்கும் ஒரே சம்பளமா?

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஆறுதலான பதில் இல்லை. சட்டம் தரையை மட்டும்தான் போடுகிறது. தரை உயரும்போது அதில் நின்றவர்கள் உயர்கிறார்கள், கொஞ்சம் மேலே நின்றவர்களின் காலடிக்கு அது வந்து சேருகிறது. 2022க்கு முன் 1,450 வாங்கிய மூத்த தொழிலாளியும் 1,200 வாங்கிய புதியவரும் ஒரே நாளில் 1,500க்கு வந்தார்கள். அனுபவத்துக்கும் திறமைக்கும் உரிய கூலியைச் சட்டத்தில் தேட முடியாது. கூட்டு ஒப்பந்தத்தில்தான் பேசி வாங்க வேண்டும். அதற்குத் தொழிற்சங்கம் வேண்டும். சங்கச் சந்தா வீண் செலவு என்று சொல்லும் இளைஞர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தோட்டத்தில் கூலிக்காக எழுந்தவர்களின் கதை நீண்டது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் நம்மவர்கள் கேட்டது, சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி. வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1947இல் சம்பள மன்றச் சட்டம் வந்தபோது கடைச் சிப்பந்திகள், ஹோட்டல் தொழிலாளர்கள், திரையரங்க ஊழியர்கள், பினாங்குத் துறைமுகத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு மன்றங்கள் அமைந்தன. தோட்டத்துக்கு அமையவில்லை. 2013இல்தான் தோட்டத் தொழிலாளிக்கும் சட்டப்படி ஒரு தரை கிடைத்தது. அம்மா அப்போது இல்லை.

1,700 போதுமா?

போதாது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, 2016ஆம் ஆண்டிலேயே கோலாலம்பூரில் தனியாள் ஒருவர் கண்ணியமாக வாழ 2,700 வெள்ளி வேண்டும். சுங்கை சிப்புட் கோலாலம்பூர் அல்ல, வாடகை குறைவு. ஆனால் மோட்டார் சைக்கிள் தவணையும் பால்மாவு விலையும் இங்கே குறைவில்லை. குறைந்தபட்சம் என்ற சொல்லை முதலாளிகள் பலர் "இதுதான் சம்பளம்" என்று படிக்கிறார்கள். இதற்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

புகார் செய்வது எப்படி? வேலையை விட்டு நிறுத்திவிட்டால்?

முதலில் அலுவலகத்தில் கேளுங்கள். சில நேரம் கிராணியின் தவறாகவும் இருக்கும். பதில் இல்லையென்றால் அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. அங்கேயே விசாரித்து, குறைத்துக் கொடுத்ததன் மீதியைக் கொடுக்கும்படி உத்தரவிட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 10,000 வெள்ளி வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைத்திருந்தால் அது ஒரு இலட்சம் வரை போகலாம். மீண்டும் அதே குற்றம் செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை.

பயம் எனக்குப் புரிகிறது. லயத்து வீட்டில் இருக்கிறவருக்கு வேலை போனால் வீடும் போகும். அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்று சொல்கிறேன். ஒரே மாதிரிச் சீட்டு வாங்குகிற நான்கைந்து பேர் சேர்ந்து போங்கள். காரணமில்லாமல் நிறுத்தினால் 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனுக் கொடுங்கள். தொழிலாளர் இலாகா வேறு, தொழிலுறவு இலாகா வேறு. மாற்றிப் போய் நாளைக் கழித்துவிடாதீர்கள்.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்? பழைய சீட்டுகள் மழையில் நனைந்து போய்விட்டன.

அடையாள அட்டை, வேலைக் கடிதம், கைவசம் உள்ள சீட்டுகள், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் அறிக்கை, சேமநிதி அறிக்கை, நீங்கள் நாள் குறித்து வைத்த நோட்டு. சீட்டு இல்லையென்று தயங்கி வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். சம்பளப் பதிவேட்டை ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை, அதைக் கொண்டுவரச் சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு. இனிமேல் சீட்டு கைக்கு வந்த அன்றே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து மகளுக்கோ மகனுக்கோ அனுப்பி வையுங்கள். காகிதம் நனைந்தாலும் படம் இருக்கும்.